பட்டையைத் தளர்த்திய பிறகு

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர் உங்கள் உறவில் ஒருவராவது இருப்பார். அந்த ஆபரேஷனில் பல சர்ஜன்கள் தொடையில் ஒரு பட்டை கட்டுவார்கள். பிரஷர் பார்க்கக் கையில் சுற்றுவது போன்றதுதான், அகலம் கொஞ்சம் கூடுதல். முதலில் காலைத் தூக்கிப் பிடித்து, பாதத்திலிருந்து ரப்பர் துணியை இறுக்கிச் சுற்றி ரத்தத்தை மேலே தள்ளுவார்கள். எஸ்மார்க் என்ற ஜெர்மன் சர்ஜன் 1873-இல் பரப்பிய முறை இது. பிறகு பட்டையில் 250, 300 என்று அழுத்தம் ஏற்றுவார்கள். கால் வெளுத்துவிடும், கத்தி வைத்தாலும் ரத்தம் மறைக்காது. மயக்க மருந்து கொடுத்தவருக்குக் கடிகாரத்தின் மீதே கண். பொதுவாக இரண்டு மணி நேரத்தைத் தாண்டவிட மாட்டார்கள்.

ஓடாத ரத்தம் உறையும் என்பது எல்லாரும் அறிந்தது. அது பாதிக் கதைதான். ரத்தக் குழாயின் உள்பக்கம் ஒரே அடுக்காகச் செல்கள் இருக்கின்றன. ரத்தம் உறையாமல் காப்பது அவைதான். பிராணவாயு குறைந்தால் அவற்றின் குணமே மாறி, தட்டணுக்களை ஒட்டவைக்கும் புரதத்தை வெளியே விடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், உறைந்ததைக் கரைக்கும் டி.பி.ஏ. என்ற பொருளையும் அதே செல்கள்தான் சுரக்கின்றன. பக்கவாதம் வந்தவருக்கு ஊசியில் ஏற்றுகிறார்களே, அதே டி.பி.ஏ.

பட்டையைத் தளர்த்தியதும் இரண்டும் சேர்ந்து உடலுக்குள் பாய்கின்றன. அந்த நேரம் எக்கோவில் பார்த்தால், இதயத்தின் வலப்பக்க அறைகளில் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள் ஓடுவது தெரியும். பெரும்பாலும் கேடில்லாமல் போய்விடும். அதே நேரம் தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசியும். கசிவைக் குறைக்கக் கொடுக்கும் டிரனெக்சாமிக் அமிலம், ஜப்பானின் ஒகமோடோ தம்பதி கண்டுபிடித்தது.

மறுநாளைக்குள் நிலைமை தலைகீழ். கரைக்கும் சக்தியை முடக்கும் புரதம் பெருகி, ரத்தம் உறையும் பக்கம் சாய்கிறது. என் பார்வையில் ஆபரேஷன் தியேட்டரைவிட இந்த நாட்களில்தான் கவனம் அதிகம் தேவை. வயிற்றில் போடும் ஊசியும், மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வதும் இதற்காகத்தான். "அறுத்த காலை அசைக்கலாமா?" என்று வீட்டார் நர்ஸோடு சண்டைக்குப் போவதுண்டு, நர்ஸ் சொல்வதுதான் சரி.

அசையாமல் இருப்பது என்ன செய்யும் என்பதை 1940-இல் லண்டன் கண்டது. குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்குமிடங்களில் நாற்காலியிலேயே இரவைக் கழித்தார்கள் மக்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தவர்கள் ஆறு மடங்கானதாக மருத்துவர் கீத் சிம்ப்சன் எழுதினார். அங்கே யார் காலிலும் பட்டை இல்லை. நாற்காலியின் விளிம்பு தொடையை அழுத்தியதே போதுமாக இருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள். உள்ளே கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள்.