பஞ்ச காலத்தில் ஒரு யாத்திரை

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நெருக்கடியான காலத்தில் குறைந்த செலவிற் பிரயாணம் செய்வது எப்படி என்று சிறிது நேரம் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்திருக்கின்றார்கள். எனக்கு முன் பேசியவர்கள் திருமுறையைப் பற்றியும் ஆலய வழிபாட்டைப் பற்றியும் அழகாகப் பேசினார்கள். அதன்பின் பஸ் கட்டணத்தைப் பற்றிப் பேச எழுவது, விருந்து முடிந்ததும் கடைக் கணக்கை நீட்டுவது போன்றதுதான். ஆயினும் இச்சங்கத்தின் யாத்திரைக் கணக்கை நெடுங்காலம் எழுதியவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கின்றது. அதிலே என் பிழையும் ஒன்று இருக்கின்றது. அதை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

2022 ஆம் ஆண்டு தை மாதத்தில் நயினாதீவுக்கும் நல்லூருக்கும் போவதென்று நமது செயற்குழு தீர்மானித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அக்காலத்தில் நான் காரியதரிசி. பிரயாண ஒழுங்குகள் செய்பவர் ஒருவர், மற்றெவரும் கேளாத குறைந்த தொகைக்குக் குளிரூட்டிய பஸ் வண்டி தருவதாகச் சொன்னார். அரைவாசிப் பணத்தை முன்னதாகவே கட்டவேண்டும் என்றார். நானும் மகிழ்ந்து கட்டினேன். எழுத்தில் ஒரு சிட்டைகூட ஒழுங்காக வாங்கவில்லை. சித்திரையிற் புறப்பட இருந்தோம். அதற்குள் நாடு எப்படி ஆயிற்று என்று நான் சொல்லவேண்டியதில்லை.

தை மாதத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். மார்ச்சில் 176. ஏப்ரலில் 289. மே மாதத்தில் 400. ஜூன் 26 ஆம் திகதி 460. ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், சில கிழமைகளுக்குள் 360 ஆயிற்று. கொழும்புப் பணவீக்கம் அவ்வாண்டு செப்ரெம்பரில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 என்று சொன்னார்கள். ஆனால் நமக்கு விளங்கிய கணக்கு வேறு. ஜனவரியில் 17 ரூபாயாக இருந்த மிகக் குறைந்த பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாய்.

இதைச் சிறிது விரித்துப் பார்ப்போம். அலவத்துகொடயிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர ஏறக்குறைய 600 கிலோமீற்றர். பெரிய பஸ் வண்டி லீற்றருக்கு நாலு கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் 150 லீற்றர் டீசல் வேண்டும். ஜனவரி விலையில் அது 18,150 ரூபாய். ஜூன் கடைசி விலையில் 69,000 ரூபாய். நாற்பத்தைந்து பேர் பங்கிட்டால் எண்ணெய்க்கு மாத்திரம் முன்னே தலைக்கு 403 ரூபாய். பின்னே 1,533 ரூபாய். சாரதிக் கூலி, வண்டி வாடகை, சாப்பாடு ஒன்றும் இதிற் சேரவில்லை. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளி ஒருவரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஒன்றரை நாள் கொழுந்து பறித்தால்தான் எண்ணெய்ப் பங்கு தீரும்!

அந்தப் பிரயாண ஒழுங்காளர் இரண்டு தடவை விலையைக் கூட்டினார். மூன்றாம் தடவை தொலைபேசியை எடுக்கவில்லை. கட்டிய முற்பணத்திற் பாதிகூடத் திரும்பி வரவில்லை.

சபையோரே, பணம் போனது பெரிதல்ல என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஏனென்றால் அது என் பணமல்ல. அதிலே நமது அயல் தோட்டத்து அம்மா ஒருவரின் காசு இருந்தது. பேரப்பிள்ளைக்கு நோய் கண்டபோது நயினை நாகபூசணி அம்பாளுக்கு நேர்த்தி வைத்தவர் அவர். சீட்டுக் காசிலிருந்து எடுத்து, நூறு நூறாக எண்ணி என் கையிலே தந்தார். நான் லயத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. “பரவாயில்லைங்க தம்பி, அம்மா எங்க போயிறப் போறா” என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்றை நினைத்தேன். நமது வாசலுக்கு முன்னால் ஓடும் இந்தக் கண்டி – மாத்தளை வீதி சாமானியமான வீதியன்று. தம்புள்ள, மிஹிந்தலை, மதவாச்சி, வவுனியா என்று வடக்கே செல்லும் பாதை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நமது பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே, நோயிலும் பசியிலும் பலரை வழியில் இழந்து, மாத்தளைக்கு நடந்து வந்து சேர்ந்தார்கள். 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1880 இல் மாத்தளைக்கு வந்தது. அதற்கு முன் வந்தவர்களுக்குக் கால்தான் வண்டி. அந்த நடையை நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டு ஜூலைக் கடைசியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு மாத்தளை வரை மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் நடந்தார்கள். நமது வாலிபர் சிலரும் கடைசி இரண்டு நாள் கூட நடந்தார்கள். காலிற் கொப்புளத்துடன் வந்து அவர்கள் பேசிய பேச்சுத்தான் நமது அடுத்த யாத்திரைக்கு வித்திட்டது என்றாலும் பொருந்தும்.

செயற்குழுவில் அன்று ஒரு வாக்குவாதம் நடந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. வசதியான வண்டி பிடிப்போம், கொடுக்கக்கூடியவர்கள் வரட்டும், மற்றவர்களுக்கு அடுத்த வருடம் பார்ப்போம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை; வயது போனவர்களை மூன்று வண்டி மாற்றி அழைத்துச் செல்வது கஷ்டம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமும் உண்டு. மற்றச் சாரார், தோட்டத்து மக்கள் வரமுடியாத யாத்திரைக்குச் சங்கத்தின் பெயர் எதற்கு என்று கேட்டார்கள். இரவு பத்து மணி வரை பேசினோம். ஒரு வாலிபர், கொப்புளம் இன்னும் ஆறாத கால்தான், எழுந்து, “முதலிற் புகையிரதக் கட்டணத்தை விசாரித்துப் பார்ப்போம், பிறகு சண்டை பிடிப்போம்” என்றார். விசாரித்தோம். சண்டை முடிந்தது.

2022 ஜூலையிற் புகையிரதக் கட்டணத்தையும் கூட்டினார்கள்தான். கூட்டிய பின்னும் தூரப் பிரயாணத்துக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டைவிட மலிவானது இந்நாட்டிற் கிடையாது. சிறுவருக்கு அரைக் கட்டணம். மேலும் வயோதிபருக்குப் பஸ்ஸைவிடக் கோச்சியே சுகம்: எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம், கழிப்பறை இருக்கின்றது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரே வண்டியில்லை என்று பலர் மனந்தளர்வதுண்டு. பொல்காவலைச் சந்தியில் இறங்கி, கொழும்பிலிருந்து வரும் வடபகுதி வண்டியில் ஏறவேண்டும்; அவ்வளவுதான். 1956 இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவியைப் பற்றி இங்குள்ள முதியோர் கதைகதையாகச் சொல்வார்கள். யுத்தத்தால் 1990 இல் நின்ற யாழ்ப்பாணச் சேவை 2014 ஒக்டோபரில் மீண்டும் தொடங்கியது.

ஆக, 2023 ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழா முடிந்து இரண்டு கிழமை கழித்துப் புறப்பட்டோம். திருவிழா நாளிற் போகாமல் பின்னாற் போவதா என்று சிலர் முகஞ்சுளித்தார்கள். தேர்த்திருவிழா நாட்களில் யாழ்ப்பாணத்தில் ஓர் அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை இரட்டிப்பு. இரு கிழமை கழித்துப் போனால் முருகனும் அங்கேயே இருக்கின்றார், அறையும் இருக்கின்றது, நெரிசலும் இல்லை. போயா விடுமுறை சேர்ந்த வாரக்கடைசியையும் தவிர்த்துச் செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம். ஆசனப் பதிவு முப்பது நாட்களுக்கு முன் திறக்கும். முதல் நாளே ஒருவரை நிலையத்துக்கு அனுப்பி வயோதிபருக்கு மாத்திரம் ஆசனம் பதிவு செய்தோம். வாலிபர் பதிவில்லாத பெட்டியில் ஏறி, வவுனியா வரை நின்றார்கள். நின்றதை இன்றும் சொல்லிக் காட்டுகின்றார்கள்!

முப்பத்தொரு பேர். விடியற்காலை முதற் பஸ்ஸிற் கண்டி. கட்டுச்சோறு, புளிச்சாதம், தேங்காய்ச் சம்பல், இரண்டு பெரிய குடுவையிற் தேத்தண்ணீர். இந்தக் கட்டுச்சோற்று விஷயத்தை இலேசாக எண்ணவேண்டாம். வழிக் கடையில் மூன்று வேளை உண்பவருக்குப் பிரயாணக் கட்டணத்தைவிடச் சாப்பாட்டுச் செலவு கூடிவிடும். தங்குவதற்கு ஓர் ஆலயத்தின் மடத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே சங்கத்தின் கடிதத்தாளில், எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எந்த நேரம் வருவோம் என்று எழுதியிருந்தோம். பாய் மாத்திரம் கொண்டுவரச் சொன்னார்கள். புறப்படும்போது நாங்களே கூட்டிக் கழுவி, உண்டியலில் இயன்றதைப் போட்டோம். மடம் என்பது மலிவான விடுதியன்று என்பதை வாலிபர் அறியவேண்டும். அங்கே அதிகாரம் பண்ணினால் நமக்குப் பின் வருபவர்களுக்குக் கதவு மூடப்படும்.

மறுநாள் குறிகட்டுவான் பஸ், அங்கிருந்து படகு, நயினாதீவு. அமுதசுரபி அன்னதான மண்டபத்திலே பகற்சாப்பாடு. அந்தத் தோட்டத்து அம்மா பேரப்பிள்ளையையும் அழைத்து வந்திருந்தார். கடலை அவர் முன்பு கண்டதில்லை. படகிலே கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தவர், திரும்பி வரும்போது திறந்துகொண்டு வந்தார். அவரிடம் நாங்கள் இம்முறை பணம் வாங்கவில்லை, அவர் விடவில்லை. கடைசியில், முன்னர் தொலைந்த தொகையைச் சங்கம் தன் கணக்கில் ஏற்று, மீதியை மட்டும் அவர் கட்டுவதென்று ஒத்துக்கொண்டோம். அந்த மடத்துக் கணக்கிலே ஒவ்வொருவருடைய மொத்தச் செலவும், 2022 இல் வண்டிக்காரர் கடைசியாகக் கேட்ட தொகையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகவே வந்தது.

இப்படிக் கூட்டமாகச் சேர்ந்து மலிவாகப் போவது நமக்கு மட்டும் உரிய யுக்தியன்று. இங்கிலாந்திலே வறுமை மிகுந்திருந்த காலத்தில், 1841 ஜூலை 5 ஆம் திகதி, தோமஸ் குக் என்பவர் மதுவிலக்குச் சங்கத்தார் ஏறக்குறைய 500 பேரை லெஸ்ரர் நகரிலிருந்து லஃபரோவுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங்குக்குப் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். தனித்தனியே சீட்டு வாங்கும் ஏழைகளுக்குக் கிடையாத சலுகை ஒரு சங்கத்துக்குக் கிடைத்தது. அதிலிருந்து வளர்ந்த கம்பனி உலகமெங்கும் கிளை பரப்பி, 2019 செப்ரெம்பரில் ஒரே இரவில் மூடப்பட்டது. ஒன்றரை இலட்சம் பிரித்தானியர் வெளிநாடுகளில் அகப்பட்டுக்கொண்டார்கள். நூற்றெழுபது வருஷக் கம்பனிக்கே அப்படியென்றால், சிட்டையில்லாமல் முற்பணம் கொடுத்த என்னைப் பற்றி என்ன சொல்வது! நாம் எண்ணெய் வரிசையில் நின்ற அதே 2022 ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில், ஜெர்மனி அரசாங்கம் 9 யூரோவுக்கு ஒரு மாதச் சீட்டுக் கொடுத்து, உள்ளூர் வண்டிகளிலும் பஸ்களிலும் நாடெங்கும் போகவிட்டது. விலைவாசியிலிருந்து குடிமக்களைக் காக்க அது ஒரு வழியென்று கண்டார்கள். நமது அரசாங்கங்களும் இதைச் சிந்திக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இனி முற்பணம் கொடுக்கும் விஷயம். வண்டி அமர்த்தவே வேண்டியிருந்தால் காற்பங்குக்கு மேல் முன்னால் கொடுக்காதீர்கள். எண்ணெய் விலை கூடினால் யார் தலையில், பயணம் தடைப்பட்டால் எவ்வளவு திரும்பும், இவ்விரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஐந்து பேர் ஒரு விலை சொல்ல ஆறாமவர் பாதி விலை சொன்னால், அவரிடம் பாதி வண்டிதான் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்புமுன் அந்த மனிதரின் கடையை நேரிலே போய்ப் பாருங்கள்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. கதிர்காம யாத்திரைக்குச் சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியாக, உகந்தை கடந்து, குமண, யால காடுகளுக்கூடாக நடந்து போகும் அடியார்கள் இன்றும் இருக்கின்றார்கள். வழி நெடுகக் கோயில்களும் ஊர்களும் சோறு போடுகின்றன. செலவு குறைவு, கால் பலம் வேண்டும், பெரியோர் துணை வேண்டும், காட்டுப்பாதை திறக்கும் நாளை அறிந்து போகவேண்டும். அவ்வளவு தூரம் இயலாதவர்களுக்கு ஒரே பஸ்ஸில் மாத்தளை இருக்கின்றது. மாசி மகத்திலே முத்துமாரியம்மனின் ஐந்து தேரையும் பார்க்கக் கொழும்பிலிருந்து வருகின்றார்கள். நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கின்றோம்?

இவ்வருட யாத்திரை திருக்கோணேஸ்வரத்துக்கு. பொல்காவலை, மாகோ, கல்ஓயா வழியாகப் புகையிரதத்தில் போகலாம் என்பது யோசனை. 2025 நவம்பரில் வந்த டிட்வா புயல் மலைநாட்டுப் புகையிரதப் பாதைகளைப் பல இடங்களில் உடைத்துப் போட்டதை அறிவீர்கள். ஆகையால் எந்த வண்டி எதுவரை ஓடுகின்றது என்று கண்டி நிலையத்திற் கேட்டறிய இருவரை நியமித்திருக்கின்றோம். வண்டியில்லாத இடத்துக்கு இ.போ.ச. பஸ். பெயர் கொடுப்பவர்கள் இம்மாதக் கடைசிக்குள் காரியதரிசியிடம் கொடுங்கள். மாதம் இருநூறு ரூபாய் வீதம் கட்டலாம். சிட்டை உண்டு, நானே எழுதுவேன். தோட்டத்து அம்மா முதற் பெயராகத் தன் பெயரைத் தந்துவிட்டார். இம்முறை கடல் தெரியும் பக்கத்து ஆசனம் வேண்டுமாம். அந்தப் பாதையிற் கடல் கடைசியில்தான் தெரியும் என்று சொல்லியிருக்கின்றேன்.