அந்தரத்தில் பிடிக்கிற கை



சர்க்கஸ் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் டிரப்பீஸ் வித்தையை எதற்குப் படிக்க வேண்டும் என்று எங்களைக் கேட்கிறார்கள். கூலி, ஒப்பந்தம், வறுமை, பெண்கள் மீதான சுரண்டல் இவற்றைக் கேட்டு எழுதினால் போதாதா என்கிறார்கள். போதாது. வித்தை தெரியாமல் போய் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் நமக்குத் துயரத்தை மட்டும்தான் சொல்வார். நமக்குக் கேட்கத் தெரிந்தது அது ஒன்றுதான். ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றில் இதுதான் நடக்கிறது: வலி பதிவாகிறது, அறிவு பதிவாவதில்லை.

ஆகவே படித்தோம். பறக்கும் டிரப்பீஸில் பறப்பவர் ஒருவர், பிடிப்பவர் ஒருவர். பிடிப்பவர் தன் பாரில் தலைகீழாகத் தொங்குவார், கால்களைக் கயிற்றில் பின்னிக்கொண்டு. இருவரும் உள்ளங்கையைப் பற்றுவதில்லை. ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றுகிறார். அப்போதுதான் விரல் வழுக்கினாலும் பிடி நிற்கும். பாரை விட வேண்டிய இடம் ஊஞ்சலின் உச்சி. ஏற்றமும் இல்லாத, இறக்கமும் தொடங்காத அந்த நொடி. ஊஞ்சல் போய்வரும் நேரத்தைத் தீர்மானிப்பது ஆளின் எடையல்ல, கயிற்றின் நீளம். கல்லூரியில் பெண்டுலம் என்று சூத்திரம் எழுதி மதிப்பெண் வாங்கினோமே, அதே கணக்கு. கயிறு கிடைமட்டமாக இருக்கும் உயரத்திலிருந்து இறங்கும் ஊஞ்சல் அடிப்புள்ளியைக் கடக்கும்போது கைகளில் விழும் இழுப்பு உடல் எடையைப் போல மூன்று மடங்கு. அந்தக் கைகளைத்தான் 'கூலியாள்' என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போகிறோம்.

முதல் பாடம் பறப்பதல்ல, விழுவது. வலையில் முதுகு படும்படி விழ வேண்டும்.

இந்த வித்தைக்குத் தேதி உண்டு. 1859 நவம்பர் 12 அன்று பாரிஸில் ழூல் லியோத்தார் முதன்முதலில் ஆடிக் காட்டினார். அவருக்குப் பிடிப்பவர் கிடையாது. பாரிலிருந்து பாருக்குத் தாவினார். மனிதரை மனிதர் பிடிப்பது பின்னால் வந்தது. இந்தியாவில் 1880இல் விஷ்ணுபந்த் சத்ரே சர்க்கஸ் தொடங்கினார். தலச்சேரியில் களரியும் ஜிம்னாஸ்டிக்கும் கற்பித்துவந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் நடத்தினார். அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. தொட்டால் தீட்டு என்பதோடு நிற்காமல், இந்தச் சாதி இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று தூரத்துக்கே அளவு வைத்திருந்த மண் அது. அந்த மண்ணில், ஒருவர் மணிக்கட்டை இன்னொருவர் பிடித்தால்தான் உயிர் என்கிற தொழில் வேர்விட்டது.

இதைச் சொல்லி, கூடாரத்துக்குள் சாதி ஒழிந்துவிட்டது என்று கைதட்ட நாங்கள் தயாரில்லை. பிள்ளைகளை ஒப்பந்தம் போட்டு அனுப்பியது ஏழை வீடுகள்தான். சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2011 ஏப்ரல் வரை ஆயிற்று. அந்த உத்தரவு தேவைதான், அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதற்கு முன்பே வித்தை கற்று முடித்து, இன்று ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்களை 'மீட்கப்பட வேண்டியிருந்தவர்கள்' என்று மட்டும் எழுதினால், அவர்கள் கற்றது எங்கே போகும்?

நம் தெருவுக்கு வருவோம். கம்பு பிடித்துக் கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடிப் பெண்ணிடமும் இதே சமநிலைக் கணக்கு இருக்கிறது. கூடாரத்துக்குள் டிக்கெட் போட்டுக் காட்டினால் அது பயிற்சி. தெருவில் துணி விரித்துக் காட்டினால் அது சாதித் தொழில், பிறவிப் பழக்கம். யார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது, எத்தனை வயதில், எத்தனை முறை விழுந்தாள் என்று யாரும் கேட்டதில்லை. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் தொம்மர் பெயர் இருக்கிறது. வித்தை காட்டி ஊர் ஊராகப் போனவர்களைக் குற்றப்பரம்பரைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி. சாதி உழைப்பை மட்டுமல்ல, உழைப்பாளர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே காட்டினார். ஒரே உடற்பயிற்சிக்கு இரண்டு பெயர் இருப்பதை அதன் வெளிச்சத்தில் பாருங்கள்.

களப்பணிக்குப் போகும் மாணவர்களின் கேள்வித்தாளில் வருமானம், கல்வி, குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கு முன்னால் மூன்று கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். எந்த வித்தை உங்களுடையது? விழுவதற்கு யார் கற்றுக்கொடுத்தார்? அந்தரத்தில் உங்களைப் பிடித்தவர் பெயர் என்ன?