மூளையின் கொழுப்பும் முதுமையின் மறதியும்



முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினால், 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று கூறி அப்பாற் போய்விடுதல் நம்மிடையே உள்ள வழக்கம். அச்சொல்லுள் அடங்கும் நிலைகளுட் பல உண்மையில் நோய்களே. அவற்றுள் முதன்மையானது அல்சைமர் நோய். கொலஸ்திரோல் கூடியமையால் வந்த வினை இதுவென்று, நோயாளர் உண்டவற்றின்மேற் பழி சுமத்துவாரும் உளர். அக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

1901ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரிலே, நினைவு தடுமாறிய 51 வயதுப் பெண்மணி ஒருவரை அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர் கண்டார். 1906இல் அப்பெண்மணி இறந்தபின், அவரது மூளையை நுணுக்குக்காட்டியின் துணையுடன் ஆராய்ந்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிந்த திட்டுகளும், கலங்களுக்குள்ளே முறுக்குண்ட இழைகளும் தென்பட்டன. அத்திட்டுகளின் மூலப்பொருள் பீற்றா அமிலோயிட்டு என்னும் புரதத்துண்டு என்பது 1980களிலே தெளிவாயிற்று.

இனிக் கொலஸ்திரோலுக்கு வருவோம். ஒவ்வொரு கலத்தையும் கொழுப்பு மூலக்கூறுகளாலான ஈரடுக்கு மென்சவ்வு ஒன்று போர்த்திருக்கிறது. அதனிடையே நிற்கும் கொலஸ்திரோல், அச்சவ்வு மிக இளகாமலும் மிக இறுகாமலும் காக்கிறது. உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கே ஆன மூளை, உடலிலுள்ள கொலஸ்திரோலில் ஏறக்குறைய நூற்றுக்கு 20 பங்கைக் கொண்டுள்ளது. எனவே அது மூளைக்குப் பகையன்று; இன்றியமையாத பொருளாகும்.

அது நாம் உண்ணும் உணவிலிருந்து மூளைக்குச் செல்கின்றதா? இல்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பு, இரத்தத்துக் கொலஸ்திரோலைப் பெரும்பாலும் உட்புக விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. நட்சத்திர வடிவான துணைக்கலங்கள் அதனை ஆக்க, அப்போ-ஈ என்னும் புரதம் சுமந்துசென்று நரம்புக் கலங்களிடம் சேர்க்கிறது.

நோயோடு அதற்குள்ள தொடர்பு மென்சவ்விலேதான் அமைந்திருக்கிறது. சவ்வை ஊடறுத்து நிற்கும் நெடும்புரதம் ஒன்றை நொதியங்கள் வெட்டுகின்றன. அல்பா என்னும் நொதியம் வெட்டினால் பீற்றா அமிலோயிட்டு உண்டாவதில்லை. பீற்றா, காமா என்னும் நொதியங்கள் அடுத்தடுத்து வெட்டினால் உண்டாகிறது. சவ்விலே கொலஸ்திரோல் செறிந்த பகுதிகள் தெப்பங்கள் போல மிதக்கின்றன. பின்னைய வெட்டு அத்தெப்பங்களிலேயே மிகுதியும் நிகழ்வதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1998இல், ஆய்வுகூடத்தில் வளர்த்த எலியின் நரம்புக் கலங்களில் கொலஸ்திரோலைக் குறைத்தபோது, பீற்றா அமிலோயிட்டும் பெரிதும் குறைந்தது.

அதற்கு முன்னரே, 1993இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அலன் ரோசஸ் என்பவரின் குழு மற்றோர் உண்மையை வெளியிட்டது. கொலஸ்திரோலைச் சுமக்கும் அப்போ-ஈ புரதத்தின் நான்காம் வகையைப் பிறப்பிற் பெற்றவர்க்கு இந்நோயின் இடர் அதிகம் என்பதே அது. ஆயினும் அவ்வகையுடையார் எல்லோரும் நோயுறுவதில்லை. இல்லாதார் எல்லோரும் தப்புவதுமில்லை.

அங்ஙனமாயின், கொலஸ்திரோலைக் குறைக்கும் மருந்து நோயைத் தணிக்குமன்றோ? அற்றோவாஸ்டற்றின், சிம்வாஸ்டற்றின் ஆகிய மருந்துகளை நோயாளருக்குக் கொடுத்துச் சோதித்தனர். முறையே 2010இலும் 2011இலும் வெளியான முடிவுகளின்படி, நோயின் போக்கு மந்தமாகவில்லை. கண்ணாடிக் கிண்ணத்திற் கண்டதெல்லாம் மனித மூளையிற் கைகூடுவதில்லை.

இதனைக் கேட்டு, மருந்தே வேண்டாம் என எவரும் முடிவுசெய்தலாகாது. நடுவயதில் எல்.டி.எல். கொலஸ்திரோல் மிகுந்திருத்தலை, மாற்றத்தக்க இடர்க்காரணிகளுள் ஒன்றாக லான்செற் ஆணைக்குழு 2024இற் சேர்த்துள்ளது. இதயத்தையும் இரத்தக்குழாய்களையும் காப்பதற்கு வைத்தியர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துதல் தீங்கே தரும்.

நேயர்களே, நோயுற்ற தாயையோ தந்தையையோ நோக்கி, 'நீங்கள் உண்டதன் பயன் இது' என்று கடிந்துரைப்பதற்கு விஞ்ஞானம் இடந்தரவில்லை. மறதி தலைகாட்டும்போதே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைரொயிட்டுச் சுரப்புக் குறைவு, உயிர்ச்சத்து பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி தோன்றுவதுண்டு. அவற்றுக்குப் பரிகாரம் உண்டு. அல்சைமர் நோயே ஆயினும், கேட்ட கேள்வியையே பத்தாம் முறை கேட்பவருக்கும் பொறுமையோடு விடை சொல்வது நம் கையிலேயே இருக்கிறது.