சமஸ்தானம் இணைந்தது, சேரி இணைந்ததா?

(அரசமைப்புச் சட்ட நாளையொட்டிப் பொன்னமராவதியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1947 ஆகஸ்ட் 15 அன்று இந்த ஊரில் மன்னராட்சி முடியவில்லை. பொன்னமராவதி அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. ராஜகோபாலத் தொண்டைமானின் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது 1948 மார்ச் 3இல்தான். அதுவரை நம் தாத்தா பாட்டிகள் குடிமக்கள் அல்ல, மன்னரின் குடிகள்.

அதன் பிறகு மாற்றம் வேகமாக வந்தது. 1950 ஜனவரி 26இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் பொதுத்தேர்தலில் சொத்தும் படிப்பும் கேட்காமல் 21 வயது நிறைந்த எல்லோருக்கும் ஓட்டு. அரசே உரிமையைப் பறித்தால் உச்ச நீதிமன்றம் வரை போகலாம். இதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் 17ஆம் பிரிவும் 15(2)ஆம் பிரிவும் வேறு வகை. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது முதலாவது. கடை, உணவகம், கிணறு, குளம், சாலை எதையும் சாதியைச் சொல்லி மறுக்கக் கூடாது என்கிறது அடுத்தது. இங்கே நம்மை மறுப்பவர் மன்னரும் அல்ல, வெள்ளைக்காரரும் அல்ல. பக்கத்துத் தெருக்காரர். ஆட்சி கைமாறியபோது அவர் எங்கும் போய்விடவில்லை. நிலமும் கோயில் சாவியும் அவர் கையிலேயே இருந்தன. அரசு நடுவே வந்து நின்றால்தான் இந்த உரிமைக்கு உயிர்.

நம் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கச் சென்ற ஆட்சியர் கவிதா ராமுவிடம் மக்கள் இன்னும் இரண்டைச் சொன்னார்கள்: இறையூர் அய்யனார் கோயிலுக்குள் விடுவதில்லை, டீக்கடையில் தனிக் குவளை. ஆட்சியரே உடன் வந்து அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அரசமைப்புச் சட்டம் வந்து 72 ஆண்டுகள் திறக்காத கதவு, அரசு வந்து நின்றதும் ஒரே நாளில் திறந்தது. அப்படியானால் இத்தனை காலம் இல்லாமல் போனது சட்டமல்ல, அரசின் மனம்.

தொட்டி வழக்கு என்ன ஆனது? 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. குற்றம் சாட்டப்பட்ட மூவரும் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்களே. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டார்கள்.

இளைஞர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன்படி ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். நம் மாவட்டக் குழு எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதில் வந்தால் ஊர் ஊராகப் படித்துக் காட்டுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். மன்னரின் குடிக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. நமக்கு உண்டு.

ஜெய் பீம்.