குவாரியில் வந்த தாழியும் ஒரு நாள் கூலியும்

(படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சுரங்கத்திலும் குவாரியிலும் தொல்பொருள் வெளிப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். நான் தொல்லியல் படித்தவன் இல்லை. குவாரியில் வேலை பார்த்த ஓர் அம்மாவின் மகன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஏழாவது படிக்கும்போது அம்மா ஒரு செம்மண் குவாரிக்குப் போய்க்கொண்டிருந்தார். கல் பொறுக்குவது, சிந்தும் மண்ணைக் கூட்டி ஒதுக்குவது, இதுதான் பெண்களுக்கான வேலை. ஒருநாள் பொக்லைன் சரித்த மண்ணில் பெரிய பானையின் வாய் தெரிந்திருக்கிறது. எங்கள் பக்கம் அதை மதமதக்கத் தாழி என்பார்கள். உள்ளே எலும்புத் துண்டுகளும் கறுப்பு சிவப்புக் கிண்ணங்களும். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றிருக்கிறார்கள். மேஸ்திரி வந்து, "தாசில்தாருக்குத் தெரிஞ்சா குவாரியை மூடிடுவாங்க, நாளைக்கு ஒருத்தருக்கும் வேலை இல்லை" என்றாராம். அவ்வளவுதான். பொக்லைன் ஒருமுறை ஏறி இறங்கியது. அம்மா ஒரு கிண்ணத்தை முந்தானையில் முடிந்து எடுத்துவந்தார். பல வருடம் எங்கள் வீட்டில் அதில்தான் உப்பு இருந்தது.

பின்னால் வீட்டுக்கு வந்த படித்த நண்பர் ஒருவர் அதைப் பார்த்துக் கோபப்பட்டார். இவ்வளவு பெரிய வரலாற்றை அழியவிட்டு வேடிக்கை பார்த்தீர்களா என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது அந்த நண்பர்மேல்தான் கோபம் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எலும்பும் உடைந்த பானையும் எத்தனை ரூபாய் பெறும் என்று ஒரு கூலிப்பெண் எப்படிக் கணக்கிடுவார்?

உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்திடம் கடன் வாங்கும் நிறுவனங்களுக்கு எட்டாவது செயல்தரம் என்று ஒன்று உண்டு. தோண்டும்போது எதிர்பாராமல் ஏதாவது கிடைத்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. நடைமுறை எளிமையானது: அந்த இடத்தில் வேலையை நிறுத்து, கயிறு கட்டு, எதையும் தூக்காதே, படம் எடு, தொல்லியல் துறைக்குச் சொல், அவர்கள் பார்த்து முடிக்கும்வரை வேறு பக்கம் தோண்டு. நல்ல விதிதான். வேலை நின்ற நாட்களுக்கு அந்தக் கூலிப்பெண்ணுக்கு யார் சம்பளம் கொடுப்பது? அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். பொருளைக் கண்டவர் பட்டினி கிடக்க வேண்டும் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

சரி, எல்லோரும் வாயைத் திறந்து, தொல்லியலாளரும் வந்துவிட்டால் போதுமா? ஆஸ்திரேலியாவைப் பார்ப்போம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் ஜூகான் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள பாறைக் குகைகளில் 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்து தங்கிய தடயம் உண்டு. பூட்டு குன்ட்டி குர்ராமா, பினிகூரா என்ற பூர்வகுடி மக்களின் நிலம் அது. இரும்புத்தாது தோண்டும் ரியோ டின்டோ நிறுவனம் 2013இல் அரசிடம் அனுமதி வாங்கியது. 2014இல் தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தார்கள். 7,000 பொருட்கள் கிடைத்தன. 28,000 ஆண்டுப் பழமையான, கங்காரு எலும்பில் கூர்தீட்டிய கருவி. மனித முடியில் பின்னிய, 4,000 ஆண்டுப் பழமையான கச்சையின் துண்டு. மரபணுவைச் சோதித்தால் இன்று அங்கே வாழும் மக்களின் மூதாதையரோடு அது பொருந்துகிறது. பாட்டியின் முடி என்றே சொல்லலாம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் 2020 மே 24 அன்று குகைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடுத்த அனுமதியைப் புதிய கண்டுபிடிப்பைக் காட்டி மாற்ற வழியில்லை. அமைச்சரின் முடிவை எதிர்த்து நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம்; நிலத்துக்குரிய மக்கள் செய்ய முடியாது. எனக்கு இது புதிதாகவே தெரியவில்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் பேசும் உரிமை தருகிற சட்டத்தோடுதானே நாம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறோம்?

குகையைத் தொடாமல் சுரங்கத்தை விரிக்க வேறு மூன்று வழிகள் இருந்தன என்று நாடாளுமன்ற விசாரணையில் தெரியவந்தது. நான்காவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் 80 லட்சம் டன் தாது கூடுதலாகக் கிடைக்கும். பொருட்களை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டோம், இனி மலை எதற்கு என்பதுதான் அந்தக் கணக்கு.

தலைமை நிர்வாகி உட்பட மூன்று பேர் பதவி விலகினார்கள். புதிய சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நில உடைமையாளர்கள் கூச்சல் போட்டதும், ஆகஸ்டிலேயே அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பழைய சட்டமே திருத்தங்களோடு திரும்பியது. மேல்முறையீட்டு உரிமை இப்போது பூர்வகுடிகளுக்கும் உண்டு. அதற்கு ஒரு பள்ளத்தாக்கு போக வேண்டியிருந்தது.

நம் பக்கம் ஒரு வெற்றி இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. அரிட்டாபட்டியின் தமிழி கல்வெட்டும் சமணர் படுக்கையும் இருக்கும் பகுதி. மக்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. பாறை உடைவதற்கு முன்பே தடுத்த அந்தப் போராட்டத்தை நான் மனதாரக் கொண்டாடுகிறேன்.

ஆனால் 'நம் மலை, நம் மரபு' என்ற முழக்கத்தைக் கேட்கும்போது எனக்கு மேலவளவு நினைவுக்கு வருகிறது. அதுவும் மேலூர் வட்டாரம்தான்.  ஊராட்சித் தலைவராக ஒரு தலித் வந்ததைப் பொறுக்காமல் 1997 ஜூன் 30 அன்று முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்ற ஊர் அது. அந்த 'நம்'மில் சேரிக்கு எவ்வளவு இடம் என்று கேட்டால், ஒற்றுமையைக் கெடுக்கிறோம் என்பார்கள். கெட்டாலும் பரவாயில்லை, கேட்போம். மலையைப் பற்றி முடிவெடுக்கும் கிராம சபையில் சேரிப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து பேச முடிகிறதா என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

கலெக்டருக்குக் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். குத்தகை உத்தரவிலேயே இந்த நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்கிறோம். பொருள் கிடைத்தால் அந்த இடத்தில் வேலை நிற்க வேண்டும். நின்ற நாட்களுக்கு முழுக்கூலியைக் குத்தகைதாரர் தர வேண்டும். கண்டுபிடித்துச் சொன்னவரை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது. அவர் பெயர் அறிக்கையில் பதிய வேண்டும். புதிதாக ஏதாவது வெளிப்பட்டால் பழைய அனுமதி தானாகவே மறுபரிசீலனைக்குப் போக வேண்டும்.

நகல்கள் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. கூலி என்ற இடத்தில் தொகையை எழுதாமல் விட்டிருக்கிறோம். குவாரியில் இப்போது நாள்கூலி எவ்வளவு, கையில் எவ்வளவு தருகிறார்கள் என்று தெரிந்தவர்கள் போகும்முன் சொல்லிவிட்டுப் போங்கள்.