பேழைக்குள் இருக்கும் பறை



சில ஆண்டுகளுக்கு முன் நம் பாடிப் பகுதி மாணவர் சிலரை ஓர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றோம். கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பறை இருந்தது. கருவியின் பெயரும் கிடைத்த மாவட்டமும் எழுதப்பட்டிருந்தன. நெருப்பில் காய்ச்சினால்தான் அந்தத் தோல் பேசும் என்பது அக்குறிப்பில் இல்லை. "ஐயா, இதை அடித்தவர் பெயர் போடவில்லையே?" என்று ஒரு சிறுவன் கேட்டான். நம்மிடம் விடை இல்லை. மற்றொருவனோ பேழையின் அருகே வரவே மறுத்துவிட்டான். தன் பாட்டனார் பறையடித்தவர் என்பது நண்பர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சம்!

அந்த அச்சத்தை நாம் இகழ்வதற்கில்லை. சாவு வீடுகளில் கட்டாயத்தின் பேரில் அடித்த பறையை நம் முன்னோர் பலர் மானத்தின் பொருட்டே கைவிட்டனர். தொல்காப்பியமோ பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. இடையில் வந்து சேர்ந்ததே இந்த இழிவு.

பதிவு செய்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1851-இல் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்த அவரே, ஃபோனோகிராஃப் வாயிலாகப் பழங்குடியினரின் பாடல்களையும் பதிவு செய்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவரது நூல் சாதிப்பெயர் வரிசையிலேயே அமைந்தது. மனிதர் அங்கே தம் சாதிக்கு ஒரு மாதிரியாக நிற்கிறார், அவ்வளவே.

முனைவர் கே.ஏ. குணசேகரன் வேறு வழி கண்டார். சிவகங்கை மாவட்டத்து மாரந்தையில் பிறந்த அவர், நாட்டுப்புறப் பாடலைத் தாமே ஆராய்ந்தார், தாமே பாடினார், 'தன்னானே' குழுவைக் கொண்டு மேடையேற்றினார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் உயர்ந்தார். 2005-இல் வெளிவந்த அவரது தன்வரலாறு 'வடு' ஒவ்வோர் இளைஞரும் படிக்க வேண்டிய நூல். 2016-இல் மறைந்தார். 2018 சனவரியில் நமக்கு அண்மையிலுள்ள கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் பறையையும் ஒரே மேடையில் முழங்கினர். 2025-இல் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெயரோடு கிடைத்த சிறப்பு அது!

இளைஞர்களே, உங்கள் கைப்பேசியே இன்று ஒலிப்பதிவுக் கருவி. நம் தெருக்களில் ஒப்பாரியும் கானாவும் அறிந்த முதியவர்களை நாடிச் செல்லுங்கள். பாடுபவர் தம் பெயர், ஊர், கற்பித்தவர் பெயர் ஆகியவற்றைத் தம் வாயாலேயே முதலில் சொல்லட்டும். வேண்டாம் என்றால் பதிவை நிறுத்திவிடுங்கள். வற்புறுத்தல் அவர்களுக்குப் புதிதன்று.

பேழையருகே வர மறுத்த அம்மாணவனின் பாட்டனார் இப்போது இல்லை. பாட்டியார் இருக்கிறார், சாமி அடி, சாவு அடி ஆகியவற்றின் சொற்கட்டுகளை வாயாலேயே சொல்லுவார். வரும் ஞாயிறன்று முதலில் அவரிடம்தான் செல்லவிருக்கிறோம். பேரனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.