எல்லை கடக்காத தமிழர்



பிழைப்பு நாடி ஊர்விட்டு இக்காலனிக்கு வந்தவர் நாம். பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தமிழரோ ஊரைவிட்டு அகலாதவர். எல்லைக்கோடே அவர்களைத் தேடி வந்தது.

நேசமணி அவர்களின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரையையும் தேவிகுளம், பீருமேட்டையும் தமிழகத்துக்குக் கேட்டது. மலைத் தமிழரைத் ‘தோட்ட வேலைக்குக் குடியேறியவர்’ என்று எதிர்த்தோர் ஒதுக்கினர். நெய்யாற்றின்கரையில் அச்சொல் செல்லாது. அங்கே மலையாளிகளின் பெரும்பான்மையைக் காட்டினர். 1954 ஆகஸ்டு 11இல், பட்டம் தாணு பிள்ளை அமைச்சரவையின் போலீசார் போராடிய தமிழரைச் சுட்டனர். அவரது பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவே அமைச்சரவை விலகவேண்டும் என்றார், கட்சி செவிசாய்க்கவில்லை. சொந்தக் கட்சியையே கேட்கும் அத்துணிவு எத்தனை பேருக்கு வரும்!

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, அங்குள்ள தமிழர் தமிழிலேயே மனுச் செய்யலாம். பதிலும் தமிழில் வரவேண்டும். வாக்குக் கேட்டு வரும் எக்கட்சியினரிடமும் முதலில் அந்தப் பதிலைக் கேளுங்கள் என்று எல்லையோரத்து நம் உறவினர்க்கு எழுதுவோம்.